விதை கொடுத்த ஊருக்கு மீன் போகவில்லை



ஜிலேபிக் கெண்டை நமக்குப் பழகின மீன்தான். 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. உள்ளங்கை அளவு வளருமுன்பே குஞ்சு பொரித்துக் குளம் முழுக்கப் பொடி மீனாக்கிவிடும். அதன் உறவு மீனான நைல் திலேப்பியா இன்னும் பெரிதாக வளரும்.

அந்த மீனை மேம்படுத்த, 1988இல் பிலிப்பைன்ஸில் இக்லார்ம் என்ற சர்வதேச ஆராய்ச்சி நிலையம் ஒரு வேலையை ஆரம்பித்தது. எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளில் இயற்கை நீரில் வாழ்ந்த மீன்களைப் பிடித்து விமானத்தில் கொண்டுவந்தார்கள். ஆசியப் பண்ணைகளில் இருந்த நாலு வகைகளையும் சேர்த்தார்கள். மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை எதுவும் இல்லை. நாம பொலிகாளை பொறுக்குகிற மாதிரி, நன்றாக வளர்ந்த குடும்பங்களை அடையாளம் போட்டுப் பொறுக்கி இணை சேர்த்தார்கள். தலைமுறைக்கு 12 முதல் 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. இதுதான் 'கிஃப்ட்' திலேப்பியா.

இந்தக் கதையை ஒரு கூட்டத்தில் சொன்னபோது பெரியவர் ஒருவர், "விதை கொடுத்தவனுக்கு என்னங்க கொடுத்தாங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி!

வெகுகாலம் ஒன்றும் கொடுக்கவில்லை. தப்பிப்போன கிஃப்ட் மீன் ஆற்றுமீனோடு கலந்தால் மூல விதையே கெட்டுவிடும் என்று, ஆப்பிரிக்காவுக்கு அதை அனுப்புவதில்லை என நிலையத்தார் வைத்திருந்தார்கள். பயம் நியாயமானது. ஆனால் ஆசிய விவசாயி லாபம் பார்த்தான், கானா விவசாயி வேடிக்கை பார்த்தான். 1999இல் நார்வே கம்பெனி ஒன்றுக்கு வியாபார உரிமையும் போனது. பொதுப்பணத்தில் பிறந்த மீனுக்கு இது அடுக்குமா என்று அப்போதே பேச்சு எழுந்தது. எனக்கும் அது உறுத்தல்தான்.

பிறகு மீனுக்குப் பதில் முறையை அனுப்பினார்கள். உள்ளூர் மீனிலிருந்தே பொறுக்கி கானாவில் அகோசோம்போ ரகமும், எகிப்தில் அபாசா ரகமும் வந்தன. இதை முதலிலேயே செய்திருக்கலாம். 2007இல், ஆபத்தைச் சோதித்த பிறகு கிஃப்டையும் தரலாம் என்று கொள்கையைத் தளர்த்தினார்கள்.

நம் நாட்டில் 2011இல் விஜயவாடா பக்கம் இதன் இனப்பெருக்க வேலை தொடங்கியது. வளர்க்க நினைப்பவர்கள் முதலில் மீன்வளத்துறையிடம் அனுமதி வாங்குங்க. ஆண் குஞ்சு மட்டும் விடணும். கரையை உயர்த்தி, வடிமடையில் வலை கட்டுங்க. நம்ம ஆற்றிலும் நம் மீன் இருக்குதே.