விஞ்ஞானக் கற்பனைக் கதை: எழுதும் முறைகளின் வரலாறு

இதுவரை எங்கும் நிகழாததை நிகழ்ந்ததாகவே வாசகர் நம்பும்படி எழுதுகிற இக்கலையில், கற்பனை செய்வதைக் காட்டிலும் அக்கற்பனை நிற்பதற்கு நிலம் தேடுவதே ஆசிரியர்களுக்குப் பெரும் பிரயாசையாக இருந்து வந்திருக்கிறது. அந்நிலத்தை ஒருவர் பத்திரிகைச் செய்திகளிலும், மற்றொருவர் தம் ஊர்த் தெருக்களிலும், பிறிதொருவர் அடிமைகளின் சரித்திரத்திலும் தேடினர்.

தொடக்கம் தற்செயலானது. 1815-இல் சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக மறு ஆண்டுக் கோடை ஐரோப்பாவில் மழையும் குளிருமாகக் கழிய, ஜெனீவா ஏரிக்கரை மாளிகையில் அடைபட்டிருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதவேண்டுமென்று கவி பைரன் யோசனை கூறினார். அவர்களுள் ஒருவரான 18 வயது மேரிக்கோ (பிற்காலத்து மேரி ஷெல்லி) பல நாட்கள் ஒன்றும் தோன்றவில்லை. பின்னர், உயிரின் மூலத்தைப் பற்றியும் மின்சக்தியைப் பற்றியும் நடந்த சம்பாஷணையைக் கேட்டிருந்த ஓர் இரவில், அவர் கண்ட கனவொன்றில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கருக்கொண்டது. 1818-இல் ஆசிரியர் பெயரின்றி வெளியான அந்நாவலின் பிறப்பை 1831-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவரே விவரித்தார். உலகம் அவர் கண்ட கனவை நினைவில் வைத்துக்கொண்டு, அதன்பின் அவர் மாதக்கணக்கில் எழுதியும் திருத்தியும் உழைத்ததை மறந்துவிட்டது. இவ்வகை எழுத்தாளர் பலருக்கும் நேர்ந்த கதிதான் அது.

உழைப்பையே முறையாக்கியவர் பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன் (1828–1905). அமியான் நகரில் வாழ்ந்த காலத்தில் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து முற்பகல் 11 வரை எழுதுவதும், பிற்பகலில் நூலகம் சென்று பத்திரிகைகளையும் விஞ்ஞானச் சங்கங்களின் வெளியீடுகளையும் வாசித்துக் குறிப்பெடுப்பதுமாக அவர் நாட்கள் சென்றன. அவ்விதம் சேர்ந்த குறிப்புகள் இருபதினாயிரம் வரை இருக்குமென்று அவரே சொல்லியிருக்கிறார். முதற்பிரதியைப் பென்சிலில் எழுதி அதன்மேல் மையால் எழுதுவார். அச்சகத்திலிருந்து முதல் புரூஃப் வந்த பிறகே விஷயம் தம் கைக்கு வந்ததாக அவருக்குத் தோன்றுமாதலால், எட்டு ஒன்பது முறைகூடத் திருத்தித் திருப்பி அனுப்புவது வழக்கம். ‘பூமியிலிருந்து சந்திரனுக்கு’ (1865) எனும் நாவலுக்கான கணக்குகளுக்குக் கணித ஆசிரியரான தம் உறவினர் ஹென்றி கார்செயின் உதவியை நாடினார். அத்தனை சிரத்தையிலும், 900 அடிப் பீரங்கியிலிருந்து சுடப்படுவோர் அந்த அதிர்ச்சியிலேயே நசுங்கிப்போவர் என்ற உண்மை கதைக்குள் இடம் பெறாததுபற்றி நாம் குறைகூற வேண்டுவதில்லை. பெற்றிருந்தால் கதையே இராது.

ஆண்டுக்கு மூன்று தொகுதிகளும் பின்னர் இரண்டும் தரவேண்டுமென ஒப்பந்தம் செய்திருந்த பதிப்பாளர் எட்ஸெல், அவருக்கு ஊக்கமும் தடையுமாக ஒருங்கே இருந்தார். 1960-ஆம் ஆண்டின் பாரிஸைச் சித்திரித்த இளமைக்கால நாவலை எவரும் நம்பமாட்டார்கள் என்று அவர் மறுத்துவிட, அது 1994-இல்தான் அச்சேறிற்று. ருஷ்யரைப் பழிவாங்கும் போலந்துப் பிரபுவாக வெர்ன் எண்ணியிருந்த கப்பல் தலைவன் நேமோவும், ருஷ்யச் சந்தையை இழக்க எட்ஸெல் அஞ்சியதால் நாடற்றவனாகக் கடலடியில் திரிந்து, ‘மர்மத் தீவு’ (1874–75) நாவலில் புந்தேல்கண்ட் இளவரசனாகவும் திப்பு சுல்தானின் உறவினனாகவும் வெளிப்பட்டான். வியாபாரக் கவலையால் விளைந்த இம்மாற்றம் கதைக்கு நன்மையே செய்தது என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் எச். ஜி. வெல்ஸ் (1866–1946) வேறு வழியில் சென்றார். 1888-இல் மாணவர் சஞ்சிகையில் தொடங்கிய காலப் பயணக் கதையைப் பலமுறை உருமாற்றி 1895-இல் ‘கால யந்திரம்’ ஆக்கிய அவர், ஒரு கதைக்கு ஓர் அதிசயமே போதும், மற்றெல்லாம் அன்றாட வாழ்க்கையாகவே இருக்கவேண்டும் என்ற விதியை வகுத்துக்கொண்டார். ‘உலகங்களின் யுத்தம்’ (1898) எழுதிய காலத்தில் வோக்கிங் சுற்றுவட்டாரத்தில் சைக்கிளில் சுற்றி, செவ்வாய்வாசிகள் அழிக்கத்தக்க இடங்களையும் ஆட்களையும் பார்த்துக் குறித்து வந்தாராம். அண்டை வீட்டார் அறிந்திருந்தால் என்ன நினைத்திருப்பரோ! ஈர்ப்பு விசையைத் தடுக்கும் கற்பனைப் பொருளால் அவர் மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பியபோது (1901), அப்பொருளைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்ற பாங்கில் முதியவர் வெர்ன் ஆட்சேபித்தார்.

வெர்ன் மறைந்த 1905-ஆம் ஆண்டிலேயே, சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில மாதர் சஞ்சிகை ஒன்றில் வங்கத்து ரொக்கேயா சகாவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ பிரசுரமாயிற்று. கணவர் ஊரில் இல்லாத நாட்களில் பொழுதுபோக்காக எழுதப்பெற்ற அக்கதையில் ஆடவர் அந்தப்புரத்தில் அடங்க, பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்து நாடாளுகின்றனர்.

அமெரிக்காவில் பத்திரிகைகள் பெருகியபின் ஆசிரியர்களுக்கு நேர்ந்த சங்கடம் மறுவிதமானது. ஜான் கேம்ப்பெல் நடத்திய ‘அஸ்டவுண்டிங்’ சஞ்சிகையின் 1944 மார்ச் இதழில் கிளீவ் கார்ட்மில் யுரேனிய வெடிகுண்டை விவரித்துக் கதை எழுத, அணுகுண்டு ரகசியம் கசிந்ததோ என்று அரசாங்க உளவாளர் விசாரிக்க வந்தனர். விவரங்களெல்லாம் பகிரங்கமான விஞ்ஞான ஏடுகளிலிருந்து எடுக்கப்பட்டவையே என்று கேம்ப்பெல் விளக்கினார். பிற்காலத்தில், கூலிவேலைக்குப் புறப்படுமுன் நள்ளிரவு 2 மணிக்கு எழுந்து எழுதிப் பழகிய ஆக்டேவியா பட்லர், ‘கிண்ட்ரெட்’ (1979) நாவலின் நாயகி எவ்வாறு அடிமைமுறை நிலவிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குச் செல்கிறாள் என்பதை விளக்கவே முற்படவில்லை. மேரிலாந்து மாகாணத்துக்கு நேரில் சென்றும் அடிமைகளின் சுயசரிதங்களைப் படித்தும் பண்ணை வாழ்க்கையைத்தான் ஆராய்ந்தார். ஆராய்ந்ததை உள்ளபடியே எழுதினால் வாசகர் தாங்கமாட்டார் என்று கண்டு, அக்கொடுமைகளை அவர் குறைத்தே எழுத நேர்ந்தது.