போனஸ் உலையும் ரிங்கோன் அலையும்

கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவின் மேற்குக் கோடியில் ரிங்கோன் என்றொரு சிற்றூர். ஸ்பானிய மொழியில் 'மூலை' என்று பொருள்.

இந்த மூலையில் 1960-ல் அமெரிக்க அணுசக்தி ஆணையமும் தீவின் மின் வாரியமும் சேர்ந்து ஓர் அணு உலையைக் கட்டத் தொடங்கின. பெயர் என்ன தெரியுமா? 'போனஸ்'! 1964-ல் உலை இயங்கத் தொடங்கியது. ஆனால் தொழில்நுட்பச் சிக்கல்கள் தீரவில்லை, சரிசெய்யும் செலவும் கட்டுப்படியாகவில்லை. 1968-ல் மூடிவிட்டார்கள். உலைக்கலனைக் கான்கிரீட்டுக்குள் வைத்து மூடி அங்கேயே விட்டுவிட்டார்கள்.

அதே 1968 நவம்பரில் இந்த ஊரில் உலக அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. ஹவாயின் பிரெட் ஹெமிங்ஸ் பட்டம் வென்றார். ரிங்கோனின் பெயர் உலகமெங்கும் பரவ, சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். உலையின் குவிமாடம் இன்றும் கரையில் நிற்கிறது. அதனால் அந்தக் கடற்கரைக்கே 'டோம்ஸ்' என்று பெயர்!

பணம் கொட்டிக் கட்டிய போனஸ் நான்கே ஆண்டில் நின்றது. யாரும் முதல் போடாத அலைதான் ஊருக்கு உண்மையான போனஸ் ஆனது. ஆனால் அந்த வருமானத்தை நம்பிக் கடலை ஒட்டியே கட்டிடங்கள் எழுந்தன. 2017-ல் மரியா புயல் வந்தபோது அவற்றில் சில இடிந்து விழுந்தன. கொடுத்த கடல் கணக்கும் கேட்கும்.