கண்ணுக்கு அகப்படாத சுரங்கம்: தங்கவயலும் ஒருநாள் சுற்றுலாவும்

பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஞாயிறு காலை புறப்பட்டால் கோலாரில் கோலாரம்மா கோயில், அந்தரகங்கை மலை, கம்மசந்திராவின் கோடிலிங்கேசுவரர் கோயில் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, மாலை வெயிலில் கோலார் தங்கவயலின் சயனைடு மேடுகளில் நின்று படமெடுத்துக்கொண்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். இந்தக் கடைசி நிறுத்தத்துக்கு இன்றுள்ள ஈர்ப்பு 2018 டிசம்பரில் வெளியான ‘கே.ஜி.எஃப்.’ கன்னடத் திரைப்படம் உண்டாக்கியது. படத்தின் சுரங்கக் காட்சிகளுக்கான அரங்கு இம்மேடுகளில்தான் அமைக்கப்பட்டது.

ஆனால் வருவோர் ஏறி நிற்பது சுரங்கத்தின்மீது அன்று, சுரங்கத்தின் கழிவின்மீது. பாறையை வெட்டி மேலேற்றி, பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய மாவு போன்ற மண் அது. நூறாண்டுக்கு மேலாகக் கொட்டப்பட்ட இக்கழிவு 3 கோடி டன்னுக்கும் அதிகம். உண்மையான சுரங்கம் அதற்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்குகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் அங்கே நீர் நிரம்பிக் கிடக்கிறது. காண வருவோருக்குக் காணக் கிடைப்பது கழிவு மட்டுமே என்பது தங்கவயல் சுற்றுலாவின் அடிப்படை முரண்.

இவ்விடத்தை வெளியார் பார்வைக்கு வைக்கும் வழக்கம் புதிதன்று. திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூரின் கிழக்கெல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802இல், தங்கம் இருக்குமிடத்தைக் காட்டுவோர்க்குப் பரிசு அறிவித்தார். ஊரிகம் கிராமத்தார் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்முன் அலசித் தங்கத் துகள்களைக் காட்டினர். மாரிகுப்பத்தில் பறையர் சமூகத்தார் குழிகளில் இறங்கிக் கல்லைக் கூடை கூடையாகக் கைமாற்றி மேலேற்றியதையும் பெண்கள் அதை இடித்து அலசியதையும் அவர் பதிவுசெய்தார். அக்குறிப்பைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் படித்த லாவெல் என்னும் முன்னாள் படைவீரர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. தங்கவயலின் முதல் சுற்றுலாக் குறிப்பே முதலீட்டு அறிக்கையாகவும் மாறியது எனலாம். வாரனின் எழுத்தில் உழைப்போர் இருந்தனர் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது. பின்வந்த வருணனைகளில் அவர்கள் மெல்ல மறைந்து, ஆங்கிலேயர் பங்களாக்களும் கிளப்பும் ‘சின்ன இங்கிலாந்து’ என்ற அடைமொழியும் முன்னே வந்து நின்றன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. தட்டி வீடுகளைப் பற்றி எழுதியவர் சிலரே.

வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளரிற் பெரும்பாலோர் தலித்துகள்; அவர்களிற் பலர் சொந்த நிலமற்ற கூலிகள். ‘ஃபீல்டு’ என்ற சுரங்கச் சொல் தமிழில் ‘வயல்’ என்று பெயர்ந்து ‘தங்கவயல்’ ஆனது. வயலே இல்லாதவர்கள் வாழ்ந்த ஊருக்கு வாய்த்த பெயர் இது. இன்றைய சுற்றுலா வழக்கில் இச்சொல் இல்லை. மூன்று ஆங்கில எழுத்துகளே அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

திரைப்படம் காட்டும் கற்பனைச் சுரங்கத்தில் உழைப்போர் அடிமைகள். தம்மை மீட்க ஒரு நாயகனுக்காகக் காத்திருப்போர். கதைக்கு அது தேவையாக இருக்கலாம். வரலாற்றின் தங்கவயலோ வேறு. தொழிலாளரைப் பதிவுசெய்யக் கைரேகை கேட்டதை எதிர்த்து 1930இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் முன் நிர்வாகம் பின்வாங்க நேர்ந்தது. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் மறைவுக்குப் பின் அவருடைய நூல்களைச் சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. ‘தமிழன்’ இதழ் 1920களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்தே மீண்டும் வெளிவந்தது. பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும் ஆழத்தில் உழைத்தவர்கள் மேலே வந்து சங்கமும் அச்சகமும் நடத்தினர். மீட்பருக்குக் காத்திருந்தோர் செய்யும் வேலையா இது? 2024இல் வந்த பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ இவ்வரலாற்றின் பக்கம் திரும்பியது. ஆயினும் அதுவும் தொன்மத்தின் வழியாகவே சென்றது. சங்கத்துக்கும் அச்சகத்துக்கும் திரையில் இன்னும் இடம் கிடைக்கவில்லை.

தங்கச் சுரங்கத்தைச் சுற்றுலாத் தலமாக்குவது உலகுக்குப் புதிதன்று. ஜோகன்னஸ்பர்க்கில் பழைய சுரங்கக் குழி ஒன்றைச் சுற்றிக் கேளிக்கைப் பூங்காவே எழுந்துள்ளது. ஜப்பானின் சாடோ தீவுச் சுரங்கங்கள் 2024 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. போர்க்காலத்தில் அங்கு வேலைவாங்கப்பட்ட கொரியரின் வரலாற்றைக் காட்சிப்படுத்த ஜப்பான் உடன்பட்ட பின்னரே தென்கொரியா இசைந்தது. அங்கே கேட்பதற்கு ஓர் அரசு இருந்தது. தங்கவயல் தமிழருக்காக அப்படிக் கேட்க எந்தத் தலைநகரத்தையும் சுட்ட முடியாது: பெங்களூருவுக்கு அவர்கள் மொழிச் சிறுபான்மையர்; சென்னைக்கோ அயல்மாநிலத்தார்.

சுரங்கம் மூடியபின் பிழைப்பு பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்தது. மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயில்களில் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாள்தோறும் அந்நகரத்துக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகின்றனர். வார இறுதியில் அதே நகரத்திலிருந்து கார்கள் எதிர்த்திசையில் வருகின்றன. வந்தவர்கள் மேட்டுச்சரிவில் படமெடுத்துக்கொண்டு மாலையில் போய்விடுகிறார்கள். காற்றடிக்கும் மாதங்களில் அம்மேட்டின் தூசி லைன் வீடுகளின் கூரைகளிலும் தண்ணீர்க் குடங்களிலும் படிகிறது.