வெந்தயமும் 18 சதவீதச் சாராயமும்

யூனிகார்ன் வேர் 8 அவுன்ஸ். லைஃப் ரூட், பிளாக் கோஹாஷ், புளூரிசி வேர் மூன்றும் தலா 6 அவுன்ஸ். வெந்தயம் 12 அவுன்ஸ். எல்லாவற்றையும் சாராயத்தில் ஊறவைத்து வடித்து 100 பைண்ட் ஆக்க வேண்டும். அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரில், லிடியா பிங்கம் விற்ற ‘வெஜிடபிள் காம்பவுண்ட்’டின் பாகம் இது.

மருந்துக் கடைக்காரிக்கு எந்தச் சீட்டைக் கண்டாலும் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மூலிகை மொத்தம் 38 அவுன்ஸ். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. திரவமோ ஏறக்குறைய 47 லிட்டர். அந்த ஒரு கிலோவிலும் மூன்றில் ஒரு பங்கு நம் அஞ்சறைப் பெட்டி வெந்தயம். சாராயம் மட்டும் தாராளம்: 18 சதவீதம், சாதாரண ஒயினைவிடக் காட்டம். இத்தனைக்கும் அந்தம்மா மதுவிலக்குக் கட்சி. சாராயம் மருந்து கெடாமலிருக்கத்தான் என்று கம்பெனி கடைசிவரை சாதித்தது.

லிடியா 1819-இல் பிறந்தவர். அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் குடும்பம். ஃபிரடெரிக் டக்ளஸ் அவர்களுக்கு நண்பர். ஜான் கிங்கின் ‘அமெரிக்கன் டிஸ்பென்சட்டரி’யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டு அடுப்பில் கஷாயம் வைத்து அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சும்மா கொடுத்துவந்தார். கணவர் ஐசக்குக்கு மனை வியாபாரம். 1873-இல் வங்கிகள் கவிழ்ந்தபோது அவரும் கவிழ்ந்தார். 1875-இல் கஷாயம் விற்பனைக்கு வந்தது. புட்டி ஒரு டாலர். ஆறு வாங்கினால் ஐந்து டாலர்.

புட்டியிலிருந்த கோஹாஷ் வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வளர்வது. அங்கிருந்த பழங்குடிகள் பெண்களின் உபாதைகளுக்குக் கொடுத்ததைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். மாதவிடாய் நிற்கிற வயதில் குப்பென்று ஏறும் வெக்கைக்கும் இரவு வியர்வைக்கும் இன்றுவரை பேர்போன வேர் அதுதான்.

இந்த மருந்தை ஏமாற்று வேலை என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்து டாக்டரிடம் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்றும் பார்க்க வேண்டும். 1872-இல் ஜார்ஜியாவில் ராபர்ட் பேட்டி என்ற அறுவை மருத்துவர், நோயில்லாத சினைப்பைகளையே வெட்டி எடுக்கத் தொடங்கினார். மாதவிடாய்த் தொல்லைகளுக்கும் நரம்புக் கோளாறுகளுக்கும் அதுதான் வழி என்றார், மற்றவர்களும் பின்பற்றினார்கள். அறுத்ததில் செத்தவர்கள் உண்டு. பிழைத்தவர்களுக்கு இளம் வயதிலேயே மாதவிடாய் நின்று, வெக்கையும் வியர்வையும் வந்தன. கத்தி ஒரு பக்கம், ஒரு டாலர் கஷாயம் ஒரு பக்கம் என்றால் நானும் புட்டியைத்தான் எடுத்திருப்பேன்.

1879-இல் மகன் டேனியல் செய்த வேலை பெரியது: அம்மாவின் முகத்தையே விளம்பரத்தில் போட்டான். படிய வாரிய தலை, கழுத்தில் லேஸ், சாந்தமான பார்வை. ஊர் ஊராகப் பத்திரிகைகளில் அந்த முகம் வந்தது. ‘பிங்கம் அம்மாவுக்கு எழுதுங்கள், ஆண் யாரும் பிரிக்க மாட்டார்கள்’ என்ற அழைப்பும் வந்தது. டாக்டரிடம் வாய் திறக்கக் கூசியவர்கள் எல்லாம் எழுதினார்கள். பூப்பு, கர்ப்பம், மாதவிடாய் நிற்பது என்று உடம்பின் சங்கதிகளை நேரடியாகச் சொல்லும் சிறு புத்தகத்தைக் கம்பெனி இலவசமாக அனுப்பியது. புட்டியைவிட அந்தப் புத்தகம் உசத்தி என்பது என் கட்சி. நம் வீடுகளில் பெரியமனுஷியானால் உளுந்தங்களி உண்டு, பிள்ளை பெற்றால் பிரசவ லேகியம் உண்டு. தீட்டு நிற்கிற வயதுக்கென்று என் அம்மாவுக்கு யாரும் எதையும் கிண்டிக் கொடுத்ததாக ஞாபகமில்லை. ‘உடம்பு கொதிக்குது’ என்பார், முந்தானையால் விசிறிக்கொள்வார்.

லிடியா 1883-இல் இறந்துபோனார். கடிதங்களுக்குப் பதில் போவது மட்டும் நிற்கவில்லை. 1905-இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ ஆசிரியர் எட்வர்ட் போக், லின் நகர இடுகாட்டில் இருந்த அவர் கல்லறையைப் படம் பிடித்துப் போட்டார். செத்து இருபது வருஷத்துக்கு மேலான பெண்மணி எப்படிப் பதில் எழுதுகிறார்? மருமகளும் பிங்கம் அம்மாதானே என்று கம்பெனி சொன்னது! 1906-இல் வந்த உணவு, மருந்துச் சட்டம் சாராய அளவை லேபிளில் போட வைத்தது. எல்லாம் குணமாகும் என்ற வாய்ச்சவடாலும் அடங்கியது. ஆனாலும் விற்பனை உச்சிக்குப் போனது 1925-இல்தான், நாடெங்கும் மதுவிலக்கு இருந்த காலத்தில். இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: இரவு வியர்வையில் தூக்கம் கெட்டவளைச் சாராயம் அசத்தித் தூங்கவைத்திருக்கும், பலருக்கு அதே சாராயம் முகத்தில் வெக்கையைக் கிளப்பவும் செய்யும்.

1942-இல் பிரிமரின் வந்தது, சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்த ஹார்மோன். கஷாயத்தின் மவுசு மங்கியது. 1968-இல் கம்பெனி கைமாறியது. 2002-இல், ஹார்மோன் கூட்டுச் சிகிச்சையில் மார்பகப் புற்றும் பக்கவாதமும் கூடுகின்றன என்று அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று அறிவித்தது. பயந்த பெண்கள் மறுபடி வேரைத் தேடினார்கள். 2006-இல் 351 பெண்களை வைத்து ஓராண்டு சோதித்ததில், வெக்கையைக் குறைப்பதில் கோஹாஷ் போலி மாத்திரையைவிட மேலாக இல்லை, ஹார்மோன் குறைத்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் கோஹாஷ் புட்டிகளில் கல்லீரல் எச்சரிக்கை ஒட்டச் சொல்லின. லைஃப் ரூட் கதை இன்னும் மோசம்; அதிலுள்ள ஆல்கலாய்டுகள் கல்லீரலைக் கெடுப்பவை என்பது இன்று தெரிந்த விஷயம்.

என் கடைக்கு வந்து பிளாக் கோஹாஷ் மாத்திரை கேட்கிறவர்களிடம் மஞ்சள் காமாலை வந்ததுண்டா, வேறென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்பேன். தீட்டு நின்று ஒரு வருஷமான பிறகு மறுபடி ரத்தம் பட்டால் மாத்திரை தரமாட்டேன், டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். வெந்தயம் கேட்டால் பக்கத்து மளிகைக் கடையைக் காட்டுவேன்.