லினக்சில் ஜிபிஐஓ முனைக் கட்டுப்பாட்டின் வரலாறு

ஜிபிஐஓ முனைகள் என்பவை நிரல் வழியாக உள்ளீடாகவோ வெளியீடாகவோ மாற்றிக்கொள்ளத்தக்க பொதுப் பயன்பாட்டு மின்முனைகள் ஆகும். ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினிகள் விளக்கு, ரிலே, உணரி ஆகியவற்றுடன் இவற்றின் வழியே இணைகின்றன. ராஸ்பெரி பையில் 3.3 வோல்ட்டு என்பது 1 ஆகவும், 0 வோல்ட்டு என்பது 0 ஆகவும் கொள்ளப்படுகிறது. ஒரு முனையை எந்த நிரல் இயக்கலாம், அந்நிரல் இடையில் நின்றுபோனால் முனை என்னவாகும் என்னும் கேள்விகளே இவ்வரலாற்றின் மையம்.

தொடக்கம்

2008 ஏப்ரலில் வெளியான லினக்சு கருனி 2.6.25 இல், டேவிட் பிரவுனெல் உருவாக்கிய ஜிபிஐஓலிப் என்னும் பொதுக் கட்டமைப்பு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 2.6.27 பதிப்பு, சிஸ்எஃப்எஸ் வழியாக முனைகளைக் கோப்புகளாகக் காட்டியது. 17 என்ற எண்ணை 'எக்ஸ்போர்ட்' கோப்பில் எழுதினால் அம்முனைக்கு ஒரு கோப்புறை தோன்றும். அதிலுள்ள 'டைரக்‌ஷன்' கோப்பில் திசையையும் 'வேல்யூ' கோப்பில் 1 என்பதையும் எழுதினால் விளக்கு எரியும். 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தபின், இந்த எளிய முறை மாணவர்களிடையே பரவியது.

குறைபாடுகள்

எளிமைக்கு ஒரு விலை இருந்தது. முனைக்கு உரிமையாளர் எவரும் இல்லை. நிரல் திடீரென நின்றாலும் முனை திறந்தே கிடந்தது. அது ஒரு நீரேற்றியை இயக்கிக்கொண்டிருந்தால் நீரேற்றியும் ஓடிக்கொண்டே இருக்கும். பல முனைகளை ஒரே நேரத்தில் மாற்றவும் வழியில்லை. முனை எண்களும் நிலையானவை அல்ல.

எழுத்துச் சாதன முறை

2016 அக்டோபரில் வெளியான கருனி 4.8 இல், லினஸ் வாலெய் எழுத்துச் சாதன முறையை அறிமுகப்படுத்தினார். இதில் ஒவ்வொரு ஜிபிஐஓ சில்லுக்கும் ஒரு சாதனக் கோப்பு உண்டு. நிரல் தனக்கு வேண்டிய முனையைக் கேட்டுப் பெறுகிறது. அது வைத்திருக்கும்வரை வேறொரு நிரல் கேட்டால் மறுக்கப்படும். நிரல் முடிந்ததும் கருனியே முனையை விடுவிக்கிறது. ஆனால் விடுவித்தபின் மின்னழுத்தம் எந்நிலையில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே பாதுகாப்பான நிலையை மின்சுற்றிலேயே அமைப்பது நல்லது. இம்முறையைப் பயன்படுத்த லிப்ஜிபிஐஓடி நூலகம் உதவுகிறது. 2020 டிசம்பரில் வந்த கருனி 5.10 இதன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது.

மாற்றத்தின் விளைவு

2023 இல் வெளியான ராஸ்பெரி பை 5 இல், இம்முனைகள் முதன்மைச் செயலியிலிருந்து ஆர்பி1 என்னும் தனிச் சில்லுக்கு மாறின. செயலியின் பதிவகங்களில் நேரடியாக எழுதிவந்த பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ நூலகம் அதில் இயங்கவில்லை. ராஸ்பெரி பையில் கருனி 6.6 வந்தபோது சிஸ்எஃப்எஸ் எண்கள் 512 இலிருந்து தொடங்கின. பல பலகைகளில் பழைய 17 இப்போது 529 ஆனது. எண்ணை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் நின்றன. முனையைப் பெயரால் தேடிய நிரல்கள் தொடர்ந்து இயங்கின. சிஸ்எஃப்எஸ் முறை வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டு ஆண்டுகள் பல ஆகியும், பழைய பாடங்களில் அது இன்னும் காணப்படுகிறது. புதிதாகக் கற்போர் எழுத்துச் சாதன முறையிலிருந்தே தொடங்கலாம்.