வாரியஞ் செய்தார் மீண்டும் புகலாமோ?

மதுரையில் எம்மிடந் தமிழ் பயின்ற நம் சமூகத்து இளைஞரொருவர், இராமநாதபுரக் கடற்கரையிலுள்ள சிற்றூரொன்றில் ஊராட்சி மன்ற உறுப்பினராய் ஐந்தாண்டு இருந்தவர், எமக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். 2019-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நிகழ்ந்த தேர்தலில் வென்று, 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தவர் அவர். “ஐயா, அடுத்த தேர்தலிலும் நிற்க வேண்டுமென்று ஊராரிற் சிலர் வற்புறுத்துகின்றனர்; ஒருமுறை இருந்தது போதாதோ என்று சிலர் கேட்கின்றனர். வலைக்காரர் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் பாதி வழியில் நிற்கின்றது. அதனை அப்படியே விட்டு வரவும் மனமில்லை. நம் முன்னோர் இதற்கு விதி யாதேனும் வைத்திருந்தனரா?” என்பது அதன் சாரம். ஒருவருக்கு எழுதும் விடை பலருக்கும் பயன்படுமாதலின், அதனை இவ்விதழ் வாயிலாகவே கூறத் துணிந்தேம்.

முன்னோர் விதி வைத்திருந்தனர். அது கல்லில் இருக்கின்றது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். குடவோலை என்ற பெயரை மேடைதோறும் கேட்கின்றோம். ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே தமிழர் வாக்குச் சீட்டு இட்டனர் என்று சொற்பொழிவாளர் பலர் முழங்குகின்றனர். அது பிழை. குடவோலையில் எவரும் எவருக்கும் வாக்களித்திலர். தகுதியுடையார் பெயரெல்லாம் ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்தனர். அம்முறையின் பழமையை அகநானூற்றின் 77-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் காட்டுகின்றார். பாலை வழியில் வீழ்ந்து கிடக்கும் வீரர் குடரைப் பருந்து பற்றி இழுத்தலுக்கு, கயிற்றாற் கட்டிய குடத்தின் இலச்சினையை நீக்கி ஓலையை வெளியே எடுப்பாரை அவர் உவமை கூறினார். உவமை கொடிதேயாயினும், கேட்போர் அறிந்த செய்தியையே புலவர் உவமையாக்குவர் என்பதனை நினைமின். பொறியிட்ட குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் அந்நாளிலேயே யாவருங் கண்டறிந்ததாயிருந்தது.

நம் பாண்டி நாட்டிலேயே, திருநெல்வேலியைச் சார்ந்த மானூரில், மாறஞ்சடையன் என்னும் பாண்டியனது 35-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உளது. காலம் ஏறத்தாழக் கி. பி. 800. அவ்வூர்ச் சபையில் யார் அமரலாம், எவ்வளவு பங்குடையார் வாரியஞ் செய்யலாம், என்ன கற்றிருத்தல் வேண்டும் என்பனவெல்லாம் அதிற் காணப்படும். யாம் படித்து வியந்தது வேறொரு விதியை: சபையில் எக்காரியம் எடுப்பினும் ‘அன்று, அன்று’ என்று மறுத்தே நிற்பவனும் அவனுக்குத் துணை நிற்பாரும் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும் என்பது அது. இத்தண்டம் இன்றும் இருப்பின் நம் கிளைச் சங்கங்கள் சிலவற்றுக்குக் கட்டிட நிதி திரட்டும் தொல்லை நீங்கியிருக்கும். அஃது நிற்க. மறுமுறை புகுதலைப் பற்றி மானூர்க் கல் பேசவில்லை. அதற்கு நாம் தொண்டை நாட்டு உத்தரமேரூருக்கே செல்லுதல் வேண்டும்.

அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனது 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்றும், 14-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றும் உள்ளன, அஃதாவது கி. பி. 919, 921. கல்வெட்டறிஞர் வெங்கையா அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். முதல் விதிகள் வகுத்து இரண்டே ஆண்டில் அவற்றைத் திருத்தி மீண்டும் வெட்டினர் என்பதனால், முதல் ஏற்பாட்டில் ஏதோ இடர்ப்பாடு நேர்ந்தது என்று ஊகித்தல் தகும். முதற் கல்லில் 30 வயதிற்கு மேல் 60-க்குள் என்றிருந்த வரையறை, இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள் என்று மாறிற்று.

ஊர் 30 குடும்பாகப் பகுக்கப்பட்டது. குடும்பு என்றது இக்காலத்து வட்டம் போல்வது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையார் பெயரைக் குடும்புதோறும் ஓலையில் எழுதி, வாயோலை பூட்டிக் கட்டாக்கிக் குடத்தில் இடுவர். மகாசபையார் இளையோர் முதியோர் அனைவரும் கூடியிருப்ப, நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காண மேலே தூக்குவர். உள்ளே இருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்திற் கொட்டிக் கலக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்து மத்தியத்தன் கையிற் கொடுப்பான். மத்தியத்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்றல் வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை மறைந்திருத்தல் கூடாதன்றோ! அவன் உரக்க வாசித்த பின்னர், அங்குள்ள நம்பிமார் அனைவரும் அவ்வோலையை வாசித்தல் வேண்டும். இவ்வாறு எடுத்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் ஆவர். 360 நாள் முடிந்ததும் இறங்குதல் வேண்டும்.

இனி நம் தம்பியின் வினாவிற்கு வருவோம். முந்திய மூன்றாண்டில் வாரியஞ் செய்தார் பெயர் குடத்தில் இடப்பெறாது. இது முதல் விதி. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாது இருந்தார் பெயர் இடப்பெறவே மாட்டாது. இது அடுத்தது. இவ்விரண்டாவது விதி அவரோடு நின்றதுமில்லை. அவர் மக்கள், தந்தை, உடன்பிறந்தார், மாமன், மாமனார், மருமகன், அத்தை மக்கள், சிற்றன்னை பேரன்னை மக்கள், உடன்பிறந்தாள் கணவன் என்று உறவுமுறை ஒவ்வொன்றாக எண்ணி விலக்கப்பட்டது. தான் விலகித் தன் மைத்துனனை நிறுத்தும் உபாயம் அக்காலத்தாருக்கும் தெரிந்தே இருந்தது போலும்! கள்ளக் கையெழுத்திட்டாரும், கழுதை ஏறினாரும் கூட அவ்விலக்குப் பட்டியலில் உளர். கழுதை ஏறுதலாவது குற்றத்துக்காக ஊரறிய அவமானப்படுத்தப்படுதல்.

கணக்கனுக்கு விதி இன்னுங் கடிது. ஓராண்டு கணக்கெழுதினவன் அதனைச் சபையார்முன் காட்டித் தூயன் என்று தெளியப்பட்டாலன்றி மறுபடி கணக்கிற் புகலாகாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்டுதல் வேண்டும்; பிறனொருவன் புகுந்து முடித்துவைத்தலுங் கூடாது.

அங்ஙனமாயின் பழகினவரை அவர்கள் வெறுத்தனரோ எனின், அன்று. சம்வத்சர வாரியத்துக்கு ஆள் தெரியும்போது, முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தாரையும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தாரையுமே முற்பட எடுத்தனர். ஆகவே பட்டறிவு வேண்டும் என்பதும், அது இடையறாத உரிமையாய் இறுகிவிடலாகாது என்பதும் ஒருங்கே அவர் கருத்தாயின. இடையில் மூன்றாண்டு குடியானவனாய் இருந்து, தான் வெட்டுவித்த வாய்க்காலில் தன் வயலுக்கும் பிறர் வயலுக்கும் நீர் எவ்வாறு வருகின்றது என்று கண்டு, பின்னர் அவை புகுக என்பது போலும்.

கிரேக்க நாட்டு ஆதன்சு நகரத்தாரும் இவ்வாறே எண்ணினர். ஐந்நூற்றுவர் அவைக்குக் குலுக்கல் வழியாகவே ஆள் எடுத்தனர். ஒருவன் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அதில் அமர்தல் கூடாது. படைத்தலைவரை மட்டும் கையுயர்த்தித் தேர்ந்து, எத்தனை முறையும் அமர்த்தினர். பெரிக்கிளீசு என்பார் தொடர்ந்து பதினைந்தாண்டு அப்பதவியிற் பயின்றவர்; கி. மு. 430-இல் அவரையும் நீக்கித் தண்டமிட்டு, சின்னாளில் மீண்டும் தேர்ந்தனர். பதவி நீங்குவார் கணக்குக் காட்டுதல் அங்கும் கட்டாயம்.

உத்தரமேரூரைப் புகழுங்கால் ஒன்றை மறத்தலாகாது. அது பிரமதேயம். நிலமுடைய வேதியர் பெயர் மட்டுமே அக்குடத்தில் இருந்தது. ஏரியில் மண் சுமந்தவன் பெயரில்லை. நாற்று நட்டவள் பெயரில்லை. நம் முன்னோர் என்று யாம் மேலே எழுதினேம். நம் சமூகத்து முன்னோர் பெயரும் அதில் இருந்திராது. குடத்தின் வாய் அகன்றது அண்மையிலேதான். 1882-இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானம், 1884-லும் 1920-லும் சென்னை மாகாணச் சட்டங்கள், விடுதலைக்குப் பின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் என்று மெல்ல மெல்ல அகன்று, அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தத்தாலும் 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தாலும் பட்டியல் சாதியாருக்கும் பெண்டிருக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. 1996-இல் முதல் தேர்தல் நிகழ்ந்தது. அதன் பின் நம் மதுரைச் சீமையில் நிகழ்ந்தது யாது? மேலூரை அடுத்த மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் பத்தாண்டு தலைவர் நிலைபெறவில்லை. மனுக் கொடுக்க அஞ்சினர், வென்றவரோ உடனே விலகினர். 2006-ஆம் ஆண்டு அக்டோபரிலேதான் அது சீர்ப்பட்டது. அக்காலத்து இவ்விதழின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தேம். இது குறித்து ஒரு வரியும் கண்டிலேம். எழுதுதற்கே கூச்சமாயிருப்பினும் எழுதாதிருத்தல் இயலவில்லை.

இன்றைய சட்டத்தில், ஒருமுறை இருந்தவர் மறுமுறை நிற்கத் தடையில்லை. இட ஒதுக்கீடு சுழன்று வருங்கால் சிலர் தம் வட்டத்தை இழப்பர், அஃதொன்றே தடை. விண்ணப்பிக்கின்றவரை வேட்பாளர் என்கின்றோம். வேட்பு என்பது விருப்பம். உத்தரமேரூரில் விருப்பத்துக்கு இடமேயில்லை. தகுதியிருப்பின் பெயர் தானே குடம் புகும். இக்காலத்திலோ விருப்பமே முதற்றகுதி.

ஆகவே, தம்பி, நீ நிற்கலாமோ என்ற வினாவுக்குச் சட்டத்தில் விடை உளது: நிற்கலாம். கல்லில் உள்ள விடை: மூன்றாண்டு பொறு. அந்நாளிற் பதவி ஓராண்டு, இந்நாளில் ஐந்தாண்டு. பொறுத்தால் குழாய் என்னாகும் என்கின்றாய். நியாயமே. உன்னைத் தடுக்க எமக்கு மனம் வரவில்லை. ஆயின் கணக்கு விதி மூன்றாண்டு விதியினும் முந்தியது. அக்குழாய்க்கு வந்த தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு, எவ்விடத்தில் ஏன் நின்றது என்பதனை ஒரு தாளில் எழுதி, அவ்வலைக்காரர் தெருவிலேயே நின்று, நீயே வாசி. கிராம சபைக்கு வாராத பெண்டிரும் அங்கு வருவர். அவர்கள் கேட்கும் வினாவுக்கெல்லாம் விடை சொல்லி முடிந்த பின்னர் மனுக் கொடு. உன் தமக்கை கணவர் அவ்வூரில் ஒப்பந்த வேலை எடுப்பவர் என்று எழுதியிருந்தாய். அதனையும் அங்கேயே சொல்.

இவ்வளவு கூறிய யாமும் நம் சங்கத்துக் கிளையொன்றில் ஆறாண்டு கணக்கெழுதினேம். இருமுறை ஒருமனதாகவே தேர்ந்தனர். மூன்றாம் முறையும் எம் பெயர் முன்மொழியப்பட்டுள்ளது. ‘பண்டிதரே இருக்கட்டும்’ என்று அன்பர் சொல்லக் கேட்டு உள்ளம் குளிர்ந்ததை மறைப்பானேன்? கடந்த ஈராண்டுக் கணக்கு பொதுக்குழுவில் ‘வாசித்ததாகக் கொள்ளப்பட்டது’. யாமும் எழுந்து மறுத்திலேம். எம் மாமன் மகனார் அக்குழுவில் ஓர் உறுப்பினர். இக்கட்டுரைக்காகக் கல்வெட்டை மறுபடி படித்த இரவில், ஆறாண்டுப் பேரேடுகளையும் பரணிலிருந்து இறக்கி வைத்தேம். எம் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கடிதம் செயலாளருக்கு அனுப்பப்பட்டுவிட்டது. அடுத்த கூட்டத்தில் அவ்வேடுகளை முதல் வரியிலிருந்து யாமே வாசிப்பேம். நேரம் ஆகுமாதலின் அன்பர்கள் சிற்றுண்டி அருந்திவிட்டு வருதல் நலம்.