சல்லடையும் தராசும்: குழந்தை வளர்ச்சிப் படிவங்களின் கதை

வீட்டில் உட்கார்ந்தபடியே இருபது கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' போட்டு, குழந்தையின் வளர்ச்சி சரியா இருக்கான்னு பார்த்துக்கொள்ளும் படிவங்கள் இன்னைக்கு மொபைலிலேயே கிடைக்குது. கூப்பிட்டா திரும்பிப் பார்க்குதா, விரலை நீட்டிக் காட்டுதா என்கிற மாதிரி கேள்விகள். பதில்களைக் கூட்டினால் ஒரு எண். எண் கூடுதலாக வந்தால் கீழே ஒரு வரி: நிபுணரை அணுகவும்.

நிறைய குடும்பங்கள் அந்த வரியிலேயே நின்னுடுது. ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், "அவங்கப்பனும் நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்" என்று வீட்டுப் பெரியவங்க தர்ற ஆறுதல். இந்தப் படிவங்களை யார், எதுக்காக உருவாக்கினாங்கன்னு கொஞ்ச நாளாகத் தேடிப் படிச்சேன். அந்தக் கடைசி வரி ஒப்புக்குப் போட்டது இல்லை, படிவமே அதுக்காகத்தான் பிறந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

கதையை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கலாம். 1911-ல் அங்கே ஆர்னால்டு கெசல் குழந்தைகளுக்கென ஒரு ஆய்வகம் தொடங்கினார். ஒருபக்கம் மட்டும் தெரியும் திரைக்குப் பின்னால் நின்று, சினிமா கேமராவில் படம் பிடித்து, எந்த மாதத்தில் குழந்தை உட்காரும், எப்போது சின்னப் பொருளை விரல் நுனியால் எடுக்கும் என்று பதிவு செய்தார். நாம இன்னைக்குப் பேசுற 'இந்த மாசத்துல இது செய்யணும்' பட்டியல்களில் பெரும்பகுதிக்கு மூலம் அங்கேதான். ஆனால் கெசல் முறையில் ஒரு குழந்தையைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற ஆளும், நிறைய நேரமும் வேணும். ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அதைச் செய்ய முடியாது.

அந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்தது டென்வர் அட்டை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபிராங்கன்பர்க்கும் ஜோசையா டாட்ஸும் 1967-ல் வெளியிட்டது. டென்வர் நகரத்துக் குழந்தைகள் 1,036 பேரைச் சோதித்து, 105 செயல்களை ஒரே தாளில் கோடுகளாக வரைந்தார்கள். ஒவ்வொரு கோட்டிலும், அந்தச் செயலை நூற்றில் 25, 50, 75, 90 குழந்தைகள் எந்த வயதில் செய்தார்கள் என்ற குறி இருக்கும். 90 பேர் செய்துவிடும் வயதைத் தாண்டியும் ஒரு குழந்தை செய்யலேன்னா, அது கவனிக்க வேண்டிய இடம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மீதிப் பத்துப் பேரில் பலரும் கொஞ்சம் பிந்தி அதைச் செய்யப்போகிற நல்ல குழந்தைகள்தான். அவங்களும் இந்த வலையில் விழுவாங்கன்னு தெரிஞ்சேதான் அட்டையைப் போட்டாங்க. இது அறிவுத்திறன் சோதனை அல்ல, யாரை முழுமையாகச் சோதிக்கணும்னு காட்டும் கருவி என்றே அதை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்கிரீன்' என்ற சொல்லுக்கே சலிப்பது என்ற பொருள் உண்டு. சல்லடையில் தங்கினது கல்லா, பெரிய மணியான்னு கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த வருஷமே, 1968-ல், உலக சுகாதார அமைப்புக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதிய அறிக்கை வந்தது. எந்த நோய்க்குச் சலித்துப் பார்க்கலாம், எதுக்குக் கூடாது என்று பத்து விதிகள். அதில் ஒன்று, நோயை உறுதி செய்யவும் சிகிச்சை தரவும் வசதி இருக்க வேண்டும் என்பது. சலிச்சுட்டு அப்படியே விட்டுடக் கூடாது என்பது அப்போதே எழுதி வைத்த விஷயம்.

பிறகு படிவம் மருத்துவர் கையிலிருந்து பெற்றோர் கைக்கு வந்தது. ஒரேகான் பல்கலைக்கழகத்தில் டயான் பிரிக்கர், ஜேன் ஸ்கொயர்ஸ் குழுவினர் பல வருஷம் சோதித்து, பெற்றோரே நிரப்பும் கேள்வித்தாளை 1995-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். குழந்தையைத் தினமும் பார்ப்பவர் சொல்வதும் கணக்கில் வரும் என்பதை அது நிலைநாட்டியது. இதுக்கு முன்பே, 1986-ல், அமெரிக்கா ஒரு சட்டம் போட்டிருந்தது. அதன்படி மூன்று வயதுக்குள்ளான குழந்தையைப் பெற்றோரே நேரடியாகப் பரிந்துரைக்கலாம். மதிப்பீடு இலவசம். அதை முடித்து உதவித் திட்டம் பேச உட்கார 45 நாள் கெடு என்று விதியும் உண்டு. படிவத்துக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது.

சல்லடை எவ்வளவு நம்பகம்? பிரிட்டனில் 1992-ல் சைமன் பேரன்-கோஹன் குழு, 18 மாதக் குழந்தைகளில் ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ஒரு படிவம் செய்தது. 16,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைப் பயன்படுத்தி, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியானவர்களில் 38 சதவீதம் பேரைத்தான் அது முதலில் பிடித்திருந்தது. அதாவது, படிவத்தில் 'தேறிட்டான்' என்றாலும் உங்க மனசில் உறுத்தல் இருந்தால் போய்க் காட்டுவதில் தப்பே இல்லை.

அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று இணையத்தில் அதிகம் புழங்கும் 20 கேள்விப் படிவம். இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கு. 3 முதல் 7 வரை மதிப்பெண் வந்தால், விடுபட்ட கேள்விகளை இன்னொருத்தர் விளக்கமாகத் திரும்பக் கேட்கணும். அது இரண்டாம் படி. 8 அல்லது அதுக்கு மேல் என்றால் நேராக மதிப்பீட்டுக்கு அனுப்பணும். 2014-ல் வெளியான ஆய்வில், இரண்டு படியிலும் சிக்கிய குழந்தைகளை நிபுணர்கள் முழுசாப் பார்த்தபோது, சுமார் 47 சதவீதம் பேருக்குத்தான் ஆட்டிசம். ஆனால் 95 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ, கவனிக்க வேண்டிய விஷயமோ இருந்தது.

எனக்கு இந்த இரண்டு எண்களும்தான் முக்கியம். முதல் எண் பயத்தைக் குறைக்குது: படிவம் சொன்னது தீர்ப்பு இல்லை. இரண்டாவது எண் சோம்பலைக் கலைக்குது: போனால் வீண் போகாது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். நான்சி பேய்லியின் அமெரிக்க அளவுகோலை பரோடாவில் பிரமிளா பதக் இந்தியக் குழந்தைகளுக்குத் தகவமைத்தார். அதிலிருந்து 17 செயல்களை எடுத்து, திருவனந்தபுரத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழு 1991-ல் ஒரு சின்ன அட்டை செய்தது. குழந்தையின் வயது இருக்கும் இடத்தில் பென்சிலைச் செங்குத்தாக வைக்கணும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன கோடுகளில் எதையாவது குழந்தை செய்யலேன்னா மேல்சோதனைக்கு அனுப்பணும். அங்கன்வாடிப் பணியாளரும் சில நிமிஷத்தில் செஞ்சுடலாம். டென்வர் அட்டையோடு ஒப்பிட்டபோது, தாமதம் உள்ளவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்தது. மூன்றில் ஒன்று தப்பியது.

இந்தியாவில் அந்த 'கதவு' அரசுத் திட்டமாக வந்தது 2013-ல், ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் மூலமாக. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பார்க்கும். சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். தமிழ்நாட்டில் இந்த மையங்கள் அரசு மருத்துவமனைகளை ஒட்டி இயங்குது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்காக 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனமும் இருக்கு.

அங்கே போனால் என்னதான் நடக்கும்? பேச்சு வரலேன்னா முதலில் காது கேட்கும் சோதனை. இதைத் தாண்டி வேறெதுக்கும் போகக் கூடாது. அப்புறம் பிரசவத்திலிருந்து கதை கேட்பாங்க. குழந்தையோட தரையில் உட்கார்ந்து விளையாடுவாங்க. வீட்டில் அவனே என்னென்ன செய்யறான்னு விசாரிப்பாங்க. ஏன் செய்யலேங்கிற கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைக்கும். டென்வர் அட்டையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவது ஒரு செயல். நம்ம வீடுகளில் மூணு வயசு வரைக்கும் நிலா காட்டி ஊட்டிவிடுறோம். ஸ்பூனைக் கையில் கொடுக்காத குழந்தைக்கும், பிடிக்க முடியாத குழந்தைக்கும் படிவத்தில் விழுவது ஒரே 'இல்லை'தான். அதைப் பிரிச்சுப் பார்க்கத் தராசு வேணும், சல்லடை போதாது.

போறதுன்னு முடிவு பண்ணிட்டா, நிரப்பின படிவத்தைக் கையோட எடுத்துட்டுப் போங்க. கூப்பிட்டா திரும்பாதது, தனியா விளையாடுறது மாதிரி உங்களை உறுத்தினதை ரெண்டு நிமிஷம் மொபைலில் எடுத்து வைங்க. புது இடத்தில் குழந்தை அழுதுக்கிட்டே இருந்தாலும் அது உதவும். மதிப்பீட்டுக்குத் தேதி தள்ளிக் கொடுத்தால், பேச்சுப் பயிற்சியையோ மற்ற பயிற்சியையோ இப்பவே தொடங்கலாமான்னு கேளுங்க. பேர் வைக்கிற வரைக்கும் காத்திருக்கணும்னு அவசியமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2006-லேயே இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கச் சொல்லிவிட்டது.

அப்பன் நாலு வயசில் பேசியிருக்கலாம். அந்தக் காலத்தில் அவரை யாரும் உட்கார வைத்துப் பார்க்கலை. பிள்ளைக்கு அந்த வசதி மாவட்டத் தலைநகரிலேயே இருக்கு. காது நல்லாக் கேட்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திரும்பினாலும், அன்னைக்கு லீவு போட்டது வீணில்லை.